ஒட்டுப்போர்வை, தக்ளி, சின்னத் தறி: வீட்டில் செய்பவர்கள் இங்கே வாருங்கள்

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். தையல், எம்பிராய்டரி, குரோஷே பற்றி இந்தப் பகுதியில் நிறைய இழைகள் இருக்கின்றன. பழைய சேலையை வெட்டிப் போர்வை தைப்பது, பஞ்சை நூலாக்குவது, மேசை மேல் வைக்கிற சின்னத் தறியில் நெய்வது ஆகிய மூன்றுக்கும் ஒன்றுகூட இல்லை. அதனால் தொடங்குகிறேன்.

மலேசியாவில் எங்கள் தோட்டப் பக்கத்தில் கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. தோட்டத்து லய (வரிசை) வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்கு மாறிவிட்டார்கள். பல குடும்பங்களில் மிதி வைத்த சிங்கர் மிஷினும் பெட்டி நிறைய நூல் சேலைகளும் கூடவே வந்தன. மாதத் தவணை கட்டி வாங்கிய மிஷின்கள் அவை. காலையில் பால் மரம் வெட்டி, அதாவது கித்தா மரத்தைக் கீறிப் பால் எடுத்துவிட்டு, மதியம் சமைத்து முடித்து, அதற்கப்புறம் உட்கார்ந்து தைத்த பெண்களுடையவை. இப்போது அதன் மேல் பூச்சாடி நிற்கிறது. சேலைகளை யாரும் உடுத்துவதில்லை, தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை. போர்வை தையுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

இந்த வெக்கையில் போர்வையா என்று உடனே கேட்பார்கள். யூடியூபில் காட்டுகிற போர்வை நமக்கு ஆகாது, அது உண்மை. நடுவில் தடித்த பஞ்சு விரிப்பு வைத்து, பனி பெய்யும் ஊருக்காகத் தைப்பது அது. நாம் பார்க்க வேண்டியது வங்காளத்துக் காந்தாவை. அங்கும் நம்மைப் போலவே புழுக்கம், மழை. இற்றுப்போன நூல் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெறும் ஓட்டத்தையலால் பிடித்துவிடுவார்கள். நடுவில் பஞ்சே கிடையாது. சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவேலை செய்வதும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி இன்னொரு வகை. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டுகளை முதலில் ஒட்டிச் சேர்த்துவிட்டு அப்புறம் தைப்பது என்பதே இல்லை. வைத்துத் தைத்துக்கொண்டே போவதுதான். நான்கு மூலையிலும் மடித்த சிறு முக்கோணத் துணி இல்லாமல் அந்தப் போர்வை முடிந்ததாகக் கணக்கில்லை.

வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலையை மூன்று அடுக்காக வைத்துத் தைத்த போர்வை மழை பெய்கிற விடியற்காலைக்குப் போதும், ஏர்கான் அறைக்கும் போதும். தரையில் குழந்தையைப் போட அதைவிட நல்ல விரிப்பு இல்லை.

சேலை எடுக்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கொசுவம் மடிந்த இடமும் உட்காரும் இடமும் முதலில் இற்றிருக்கும். இரண்டு கையாலும் லேசாக இழுத்தால் சர்ரென்று கிழிகிற பகுதியை வெளியடுக்குக்கு வைக்காதீர்கள், நடு அடுக்குக்குப் போடலாம். முந்தானை பெரும்பாலும் உரமாகவே இருக்கும்.

நான் துணிப் பக்கம். நூற்பவர்கள், நெய்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மூன்றும் தெரிந்தவர் இருந்தால் இன்னும் நல்லது.

மழைக்காலம், கூலிம்

அக்கா, நல்ல இழை. என் மாமியார் சேலைகளில் எது பருத்தி, எது நைலக்ஸ் என்றே தெரியவில்லை. கலந்து தைக்கலாமா?

ஊசிமுனை, கிள்ளான்

மழைக்காலம், கலக்க வேண்டாம். இஸ்திரி போடும்போது செயற்கை இழை சுருங்கி உருகும், பக்கத்தில் இருக்கும் பருத்தி அப்படியே நிற்கும். போர்வை முழுக்கச் சுருக்கம் விழுந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணக்கும், சாம்பல் தொட்டால் பொடியாகும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டியான மணி போல உருளும். பட்டு மயிர் கருகிய வாடை அடிக்கும். பாலியெஸ்டர் கலந்த பருத்தி என்றால் காகித வாடையும் வரும், மணியும் நிற்கும்.

இன்னொன்று சாயம். அடர் சிவப்பு, கருநீலம், மெரூன் சேலைகளைத் தனித்தனியாக வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டே வெட்ட வேண்டும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். சாயம் ஏற்றுகிற நேரத்தில் உப்பு உதவும். ஏறி முடிந்த துணியில் தளர்ந்திருக்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. அலசுவதுதான் வழி. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், கறை ஏறவில்லை என்றால் வெட்டலாம்.

தையல் இடைவெளியும் கவனிக்க வேண்டும். துண்டுத் துணி வேலையில் ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் விட்டுத் தைப்பதுதான் எங்கும் வழக்கம். வாயில் சேலைக்கு அது போதாது, நூல் பிரிந்து வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் விடுங்கள்.

துணி இல்லாதவர்கள் ரவிக்கை தைக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பை பையாகக் குப்பைக்குத்தான் அனுப்புகிறார்கள். பாத்தேக் கைலியும் அருமையான துணி, பல முறை துவைத்து மென்மையாகியிருக்கும். பின்பக்கத்துக்கு இரண்டு கைலி சேர்த்தால் ஓர் ஆள் போர்வைக்குச் சரியாக வரும்.

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

ஊசிமுனை சொன்னதோடு மிஷின் பற்றி ஒரு வார்த்தை. பூச்சாடியை இறக்கிவிட்டுப் பழைய சிங்கரை ஓட்ட நினைப்பவர்கள், அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசின் மாதிரி இறுகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடையில் சின்னக் குப்பியில் விற்கிற மிஷின் எண்ணெய்தான் சரி. தோல் வார் இற்றிருந்தால் அது மட்டும் புதிதாகக் கிடைக்கிறது. மற்றபடி அந்த இரும்புக்கு வயதாவதில்லை.

பெரட்டுமணி, பீடோர்

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மனதில் பட்டதைக் கேட்கிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இருபது முப்பது வெள்ளிக்குப் போர்வை கிடைக்கிறது. துண்டு அதைவிட மலிவு. ஒரு போர்வைக்கு மாதக் கணக்கில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதில் என்ன பலன்? எங்கள் அம்மா தலைமுறை வேறு வழியில்லாமல் தைத்தது. கிழிந்ததை ஒட்டுப் போட்டு உடுத்தியதை அவர்கள் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதையே இப்போது பொழுதுபோக்கு என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கிறது. விற்று நாலு காசு வந்தாலாவது சரி.

ஊசிமுனை, கிள்ளான்

விற்கலாம் அண்ணன், ஆனால் மணிக்கணக்கைப் பார்த்தால் கட்டாது. கையால் ஓட்டத்தையல் போட்ட ஒரு பெரிய போர்வைக்கு நூறு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அதற்குரிய கூலியைச் சேர்த்து விலை சொன்னால் வாங்க ஆள் இல்லை. குறைத்துச் சொன்னால் நம் உழைப்பை நாமே மலிவாக்குகிறோம். அதனால் நான் விற்பதில்லை, பேறுகாலம், கல்யாணம் என்றால் கொடுப்பேன்.

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

பெரட்டுமணி அண்ணன், உங்கள் உறுத்தல் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. ஒட்டுப் போட்ட சட்டையோடு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஒட்டுத்துணி என்றாலே மனம் சுருங்கும், எனக்கும் அது தெரியும்.

ஆனால் அந்தப் பெண்கள் ஒட்டுப் போட்டதோடு நிற்கவில்லை. பெட்டிகளைத் திறந்து பாருங்கள். தலையணை உறையில் கிளி இருக்கும், மேசை விரிப்பைச் சுற்றிக் குரோஷே கரை இருக்கும். தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையின் தொட்டிலுக்குப் போட்ட துணியில்கூட ஓரத்தில் சங்கிலித் தையல் இருக்கும். தேவை என்றால் அந்தத் தையல் எதற்கு? யாரும் கேட்காமல், கூலி எதிர்பார்க்காமல், களைத்த கையோடு போட்டது அது. எல்லாமே வறுமைக்காகச் செய்தார்கள் என்று சொன்னால், அவர்களுக்குப் பிடித்திருந்தது என்பதை நாம் எடுத்துவிடுகிறோம். எனக்கு அது மனம் ஒப்பவில்லை. அவர்களுக்கு நேரம் இல்லாமல் இருந்தது. நமக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

கண் பற்றிச் சொன்னது சரி. இரவு விளக்கில் கருப்புத் துணி தைக்காதீர்கள்.

ஓய்வாசிரியர், தெலுக் இந்தான்

நூற்பவர்கள் இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறேன்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். 1954-இல், பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரான துன் சம்பந்தன் முயற்சியால் அங்கே எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். நம் நாட்டில் காந்தி பெயரில் பள்ளி உண்டு, மண்டபம் உண்டு, மன்றம் உண்டு. அவர் நாள் தவறாமல் சுற்றிய ராட்டைதான் தோட்டங்களில் வேர் பிடிக்கவில்லை. பருத்தி இங்கே விளையவில்லை. கித்தா வெட்டிவிட்டு வந்தவருக்கு அதற்கு மேல் நூற்கத் தெம்பும் இருந்திருக்காது. பிள்ளைகளுக்குக் காந்தி படத்தில் அந்தச் சக்கரம் என்ன வேலை செய்கிறது என்று காட்டவே நான் தக்ளியைக் கையில் எடுத்தேன். கையை விட்டுப் போகவில்லை.

தக்ளி என்பது ஒரு சாண் நீளக் கம்பி. அடியில் காசு அகலத்துக்குப் பித்தளை வில்லை, மேல் நுனியில் சின்னக் கொக்கி. அவ்வளவுதான் கருவி. கம்பளிக்குச் சொல்வது போல அந்தரத்தில் தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள். பருத்தி இழை குட்டை, பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். தக்ளியின் எடையே நூலை அறுத்துவிடும். கீழ்முனையை வழுவழுப்பான கிண்ணத்தில் ஊன்றிச் சுற்ற வேண்டும். தமிழ்நாட்டில் சிரட்டையில் வைப்பார்கள். நம் ஊர்க்காரர்களிடம் அதைவிட நல்ல பொருள் ஒன்று இருக்கிறது: பால் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய பழைய பீங்கான் மங்கு. உள்ளே பளபளவென்று இருக்கும், அடி உருண்டையாக இருக்கும், தக்ளி நழுவாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றும்.

கொட்டை எடுத்த பஞ்சை முதலில் இழை இழையாகக் கோத வேண்டும். பஞ்சு அடிக்கும் வில் இல்லாதவர்கள் பூனைக்கு மயிர் வாரும் கம்பிச் சீப்பு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாகவே வேலை செய்கிறது. கோதிய பஞ்சை ஒரு பென்சில் மேல் சுருட்டி உருவினால் விரல் தடிமனில் திரி கிடைக்கும். திரியை இறுக்கிப் பிடித்தால் வேலை கெட்டது. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற அளவுக்குத்தான் பிடி இருக்க வேண்டும். வலது கை தக்ளியைச் சுற்றிவிடும். முறுக்கு ஏற ஏற இடது கை திரியோடு பின்னால் போகும். பஞ்சு தானே உருவிக்கொண்டு வரும். இடையில் தடித்த கட்டி வந்தால், கட்டிக்கு இரு பக்கமும் பிடித்து, முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக இழுங்கள். கரைந்துவிடும்.

பருத்திக்கு முறுக்கு அதிகம் வேண்டும். புதியவர்கள் போதுமான முறுக்கு வருவதற்கு முன்பே சுற்றிக்கொண்டு விடுகிறார்கள். நூலை இழுத்துப் பாருங்கள். உள்ளே இழைகள் நழுவுவது போலத் தோன்றினால் இன்னும் சுற்ற வேண்டும்.

நம் காற்று ஈரமாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், நூற்பவருக்கு அது நல்லது. காய்ந்த காற்றில் பஞ்சு பறக்கும், இழை முறியும். நூற்பாலைகளில் செயற்கையாகவே ஈரக்காற்று விடுவார்கள். மழை விட்ட மாலையில் நூற்றுப் பாருங்கள், கையில் வித்தியாசம் தெரியும்.

மழைக்காலம், கூலிம்

ஐயா, எங்கள் வீட்டுப் பின்னால் கெக்காபு (இலவம்) மரம் இருக்கிறது. காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. அதை நூற்கலாமா?

ஓய்வாசிரியர், தெலுக் இந்தான்

நூற்க வராதம்மா. பார்க்கப் பட்டு மாதிரி இருக்கும், முயலாதவர்கள் இல்லை. பருத்தி இழை காயும்போது தட்டையாகித் தானே முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதால்தான் நூலாகிறது. இலவம் பஞ்சு இழையோ நேரான குழாய், உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. வழுக்கிக்கொண்டே போகும், மடக்கினால் ஒடியும். தண்ணீரில் மிதப்பதும் அந்தக் குணத்தால்தான். அந்தக் காலத்து உயிர்காப்பு அங்கியில் அதைத்தான் அடைத்தார்கள்.

பருத்தியோடு கொஞ்சம் கலந்து கோதினால் நூற்கலாம். ஆனால் அதன் இடம் தலையணைதான். அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

பருத்தியே வேண்டும் என்றால் தொட்டியில் வளர்க்கலாம், வெயில் இருந்தால் நன்றாக வரும். நம் ஊரில் சிக்கல் மழைதான். வெடித்த காய் நனைந்தால் பஞ்சு கறுத்துவிடும். காய் முற்றும் சமயத்தில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். கொட்டையோடு நிறுத்தால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு தேறும், அதனால் ஒரு செடியை நம்பிச் சேலை கனவு காணாதீர்கள். கைக்குட்டை அளவுக்குச் சரி.

தறிவீட்டுப்பேரன், லூனாஸ்

வணக்கம். என் தாத்தா ஊரில் குழித்தறிக்காரர். இங்கே வந்து பால் மரம் வெட்டினார், தறி வரவில்லை. எனக்கு நெசவு கற்றுக்கொடுத்தது தாத்தா இல்லை, இணையமும் மேசைத்தறியும்தான்.

நெசவைப் பார்க்க இந்தியா போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். திரங்கானுவில் நெய்கிற சரிகைத் துணியான சொங்கெட், மலேசியாவின் பெயரில் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பகாங்கில் பெக்கான் பக்கம் தெனுன் என்கிற அரசவைப் பட்டை இன்னும் நெய்கிறார்கள். சரவாக்கில் ஈபான் பழங்குடிப் பெண்கள் புவா கும்பு என்கிற துணியை இடுப்புத்தறியில் நெய்கிறார்கள். நெய்வதற்கு முன்பே பாவு நூலை (தறியில் நீளவாக்கில் கட்டும் நூலை) கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி உருவம் கொண்டுவருவது அது. மெங்கூடு (நுணா) வேரில் எடுத்த சிவப்பு அதில் உண்டு. இடுப்புத்தறி என்றால் ஒரு பக்கம் தூணில், மறுபக்கம் நெய்பவர் இடுப்பில். சாய்ந்து உட்கார்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். வீட்டில் இடமே இல்லை என்பவர்களுக்கு அதைவிடச் சின்னத் தறி கிடையாது. சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம்.

மேசை மேல் வைக்கிறதில் புதியவர்களுக்கு நான் சொல்வது ரிஜிட் ஹெடில் தறி. ஆஷ்ஃபோர்டு போன்ற நியூசிலாந்துத் தறிகளில் இருபத்தைந்து, நாற்பது சென்டிமீட்டர் அகலங்களில் கிடைக்கும். ஊர்த் தறியில் பாவைத் தூக்குகிற விழுது தனி, ஊடையை அடித்து ஒதுக்குகிற அச்சு தனி. இதில் இரண்டும் ஒரே பலகை. பலகையில் ஒரு துளை, ஒரு நீள்வெட்டு என்று மாறி மாறி இருக்கும். பாவு நூலில் ஒன்று துளை வழியாக, அடுத்தது வெட்டு வழியாகப் போகும். பலகையைத் தூக்கினால் துளை நூல்கள் மேலே, அழுத்தினால் கீழே. வெட்டு நூல்கள் அசையாமல் நிற்கும். நடுவில் திறக்கிற வழியில் ஊடையை (குறுக்கே போகும் நூலை) போட்டு, அதே பலகையால் அடித்து ஒதுக்க வேண்டியதுதான். ஐஸ்கிரீம் குச்சிகளில் துளை போட்டு, இடைவெளி விட்டுக் குறுக்குக் கட்டைகளில் ஒட்டினால் இந்தப் பலகையை வீட்டிலேயே செய்யலாம். நாடா, இடுப்புவார் நெய்ய அது தாராளமாகப் போதும்.

பாவுக்கு நீளாத நூல் வேண்டும். கைவினைக் கடைகளில் விற்கிற மில்க் காட்டன் தொட்டால் நன்றாக இருக்கும், குரோஷேவுக்கு நல்லது. இழுத்தால் நீளும். பாவுக்குப் போட்டால் தறியில் அகலமாகத் தெரியும், கழற்றினதும் சுருங்கிவிடும். ஊடைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பாவுக்கு 8/4 பருத்தி நூல் (எட்டாம் நம்பர் நூல் நாலைச் சேர்த்து முறுக்கியது) நல்ல தொடக்கம்.

கணக்கு ஒன்று தருகிறேன். எழுபது சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கைத்துண்டு, அகலம் நாற்பது. சென்டிமீட்டருக்கு நாலு நூல் என்றால் பாவு 160 இழை. நீளம் 1.4 மீட்டர், அதோடு நெசவில் ஏறி இறங்குவதற்கும் துவைத்தால் சுருங்குவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு, முடிச்சுக்கும் தறியில் நிற்கும் மிச்சத்துக்கும் 60 சென்டிமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 2.3 மீட்டர். 160 இழைக்கு 368 மீட்டர் நூல். ஊடைக்கு 300 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 8/4 நூல் நூறு கிராமில் முந்நூற்று முப்பது மீட்டருக்குக் குறையாது. ஆக இருநூற்றைம்பது கிராமில் வேலை முடியும்.

ஓய்வாசிரியர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கையால் நூற்ற நூலைப் பாவுக்குப் போடுவது புதியவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பலகை ஒவ்வொரு முறையும் நூலைத் தேய்க்கும். மெலிந்த இடத்தில் அறும். இரண்டு மூன்று அறுந்தால் ஆளுக்கு மனம் விட்டுப்போகும், தறி பரணுக்குப் போகும்.

ஓய்வாசிரியர், தெலுக் இந்தான்

கோபம் எதற்குத் தம்பி. ஆனால் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். கைநூல் பாவுக்கு ஆகாது என்றால் ஆலை வருவதற்கு முன்பு நம் முன்னோர் எதை உடுத்தினார்கள்? அத்தனையும் கைநூல் பாவுதான். பக்குவம் செய்யாமல் போட்டால்தான் அறும்.

இரண்டு வேலை செய்ய வேண்டும். இரண்டு நூலைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். நூற்கும்போது வலப்பக்கம் சுற்றியிருந்தால் இப்போது இடப்பக்கம். ஒன்றின் மெலிவை மற்றது தாங்கும். அப்புறம் சிட்டமாக, அதாவது வளையச் சுருளாகக் கட்டி, கொஞ்சம் சலவைச் சோடா போட்டு அரைமணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும், பஞ்சின் மெழுகு போகிறது. அதற்குப் பிறகு அரிசிக் கஞ்சி. நீர்த்த கஞ்சியில் முக்கிப் பிழிந்து, கொடியில் மாட்டி, அடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். காயும்போது இரண்டு மூன்று முறை உதறிப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒட்டிக்கொள்ளும். காலை வெயிலில் போட்டு மதிய மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். கஞ்சி ஈரத்தோடு ஒரு ராத்திரி இருந்தால் புளித்த வாடை வந்துவிடும்.

தறிவீட்டுப்பேரன், லூனாஸ்

கஞ்சி போட்ட இரட்டை நூல் என்றால் ஒத்துக்கொள்கிறேன் ஐயா. முதல் துணிக்குக் கடை நூல் பாவு, கைநூல் ஊடை. அடுத்ததில் பாவின் நடுவில் ஒரு பட்டை மட்டும் கைநூல், ஓரங்கள் கடை நூல். அப்படிப் போனால் அறுந்தாலும் சமாளிக்கலாம்.

செம்பனைநிழல், சுங்கை சிப்புட்

இரண்டு பேருக்கும் நன்றி. ஊடைக்கு இன்னொரு பொருள் சேலைக்காரியாக நான் சொல்கிறேன். போர்வைக்குக் கூட ஆகாத அளவுக்கு இற்ற சேலையை இரண்டு விரல் அகலப் பட்டையாகக் கிழித்து ஊடையாகப் போடுங்கள். பாவு உரமாக இருந்தால் ஊடை இற்றிருந்தாலும் தாங்கும். கால்மிதி, மேசை விரிப்பு, பூசையறைப் பாய் எல்லாம் வரும். வாயில் சேலை மெல்லிசாக மடங்கும், பார்டர் வருகிற இடத்தில் தானாகவே கோடு விழும்.

பெரட்டுமணி, பீடோர்

படித்துக்கொண்டே வருகிறேன். அம்மாவின் பெட்டியை நேற்று திறந்தேன். அக்கா சொன்ன சங்கிலித் தையல் ஒரு தலையணை உறையில் இருக்கிறது, சேலைகளும் இருக்கின்றன. ஆனால் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. அரித்த ஓட்டைகளும் தெரிகின்றன. காப்பாற்ற முடியுமா?

ஊசிமுனை, கிள்ளான்

முடியும் அண்ணன். முதலில் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் நன்றாக உதறி, ஒரு நாள் வெயிலில் விரியுங்கள். காய்ந்த பூஞ்சை தூசி வீட்டுக்குள் பறக்க வேண்டாம், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் வெந்நீர், சோப்பு. கறுத்த புள்ளி போகாமல் நிற்கலாம், ஆனால் துணி உரமாக இருந்தால் தைக்கலாம். ஓட்டை பெரும்பாலும் வெள்ளிப்பூச்சி அரித்தது. அது முக்கியமாகக் கஞ்சிக்கு வரும். பத்திரப்படுத்தும் துணிக்குக் கஞ்சி போட்டு மடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டியும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்றால் மறுபடி பூக்கும். பழைய பருத்தி உறையில் போட்டு, மாதம் ஒருமுறை பிரித்து, வேறு மாதிரி மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இற்றுவிடும்.

தலையணை உறையைத் துவைக்கும்போது தேய்க்க வேண்டாம், வலைப்பையில் போட்டு ஊறவைத்து அலசுங்கள். அந்தத் தையலை வெட்டாமல் அப்படியே போர்வையின் நடுச் சதுரமாக வைத்துச் சுற்றிலும் சேலைத் துண்டுகளைத் தைக்கலாம்.

பெரட்டுமணி, பீடோர்

அப்படியே செய்கிறேன். தைக்க என் மகளைக் கேட்டிருக்கிறேன், அவளுக்கு ஆசை இருக்கிறது. நான் வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். சதுரம் எந்த அளவு வைக்கலாம்?

ஊசிமுனை, கிள்ளான்

வெட்டும்போது பன்னிரண்டு சென்டிமீட்டர், தைத்த பிறகு பத்து. அட்டையில் ஓர் அளவு வெட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதை வைத்தே கோடு போடுங்கள். சேலையின் நீளவாக்கு எல்லாத் துண்டிலும் ஒரே பக்கம் பார்க்கட்டும். குறுக்காக வெட்டினால் துணி இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது.

மழைக்காலம், கூலிம்

தறிவீட்டுப்பேரன், தறி வந்துவிட்டது! நெய்யவும் தொடங்கிவிட்டேன். ஆனால் துணி போகப் போக இடுப்பு சிறுத்துக்கொண்டு வருகிறது. ஓரத்து நூல் அறுந்தும் போனது. ஏன்?

தறிவீட்டுப்பேரன், லூனாஸ்

ஊடையை நேராக இழுத்து இறுக்குகிறீர்கள். அது பாவுக்கு மேலும் கீழும் வளைந்து போக வேண்டும், அதற்கு நீளம் கூடுதலாக வேண்டும். ஊடையைப் போடும்போது ஒரு பக்கத்தில் ஓரத்தைத் தொட்டு, மறுபக்கம் மேலே சாய்வாக விடுங்கள். அல்லது நடுவில் சின்ன மேடு மாதிரி வளைத்து விடுங்கள். அப்புறம் பலகையால் மெதுவாக ஒதுக்குங்கள், ஓங்கி அடிக்க வேண்டாம். சென்டிமீட்டருக்குப் பாவு நாலு என்றால் ஊடையும் நாலு விழுந்தால் போதும்.

அறுந்த ஓரத்துக்குப் புது நூல் ஒன்றை அதே துளையில் கோத்து, முன்னால் நெய்த துணியில் குண்டூசி குத்தி அதில் எட்டு வடிவமாகச் சுற்றிவிடுங்கள். பின்பக்கம் தொங்குகிற முனையில் ஏதாவது கனம் கட்டுங்கள், தண்ணீர் நிரப்பிய சின்ன மருந்துப் புட்டி போதும். நாலு விரல் நெய்தபின் ஊசியை எடுத்துவிடலாம். தொங்கும் முனைகளைத் தறியிலிருந்து இறக்கிய பிறகு ஊசியால் உள்ளே கோத்துவிடுங்கள். ஒரு படம் போடுங்கள், பாவு இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.